மறுபடியும் பத்தாம் தரம்

ஜூன் 19, புதன்

பள்ளிக்கூட அதிபர் இன்றும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டமாம். நாளைக்கு வரச் சொன்னார்கள். நேற்றும் இதைத்தான் சொன்னார்கள்.

பைலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நிருஷாவும் பள்ளிக்கூட வாசல் வேம்புக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் நின்றோம். பைலுக்குள் எல்லாம் இருக்கிறது. அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் – ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. தமிழ்நாட்டு அகதி முகாம் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ். சென்னையில் எடுத்த இலங்கைக் குடியுரிமைப் பத்திரம். தடுப்பூசி அட்டைகூட. பதினாறு வயதுப் பிள்ளையிடம் தடுப்பூசி அட்டையை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் வைத்திருக்கிறேன்.

இலங்கைக்குத் திரும்பி, மண்டூருக்கு வந்து பதினெட்டு நாள். சின்னவள் தனுஷியாவை நாலாம் தரத்தில் சேர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார், முடிந்தது. பெரியவளுக்குத்தான் எந்த வாசலால் உள்ளே போவதென்று தெரியவில்லை.

ஜூன் 20

அதிபர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

மதிப்பெண் பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். "நல்ல கெட்டிக்காரி" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உயர்தரத்துக்கு எடுக்கிறதெண்டா ஓ.எல். சித்தியடைஞ்சிருக்க வேணும், அம்மா. இந்தியாவில எடுத்த இந்தச் சான்றிதழும் எங்கட ஓ.எல்லும் சமன் எண்டு கொழும்பிலருந்து கடிதம் வரவேணும். எழுதிப் போடுவம். அதுவரைக்கும் புள்ள பத்தாம் தரத்தில இருக்கட்டும்."

"மறுபடியும் பத்தா?" என்றாள் நிருஷா. அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள்.

அங்கே அவளோடு படித்த பிள்ளைகள் இந்த மாதம் பதினொன்றில் உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே பத்து, பிறகு பதினொன்று, அதற்குப் பிறகுதான் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை; அதில் தேறினால்தான் உயர்தரம், அங்கத்தைய பிளஸ் டூ மாதிரி. கடிதம் வராவிட்டால் படித்ததையே இரண்டு வருடம் திரும்பப் படிக்கவேண்டும். வரும் வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இவரோடு போனில் பேசினேன். பிள்ளைகளின் அப்பா சிவதர்ஷன் இன்னும் முகாமில்தான். பெயின்ட் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது என்கிறார். காரணம் அதுமட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். "நீ போய்ப் பாரு, சரிவந்தா நான் வாறன்" என்றுதான் எங்களை விமானம் ஏற்றினார். சரிவந்ததா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்.

நான்தான் பிடிவாதமாக நின்றேன். எட்டு வயதில் இந்த ஊரைவிட்டு ஓடினவள் நான். இங்கே எனக்கு இருப்பது ஒரு அண்ணனும் அவருடைய வீட்டில் ஒரு அறையும்தான். ஊருக்காக நான் வரவில்லை. நிருஷா டாக்டர் ஆகவேண்டும் என்கிறாள். முகாமில் இருந்துகொண்டு அந்தப் படிப்புக்குப் போன ஒருவரையும் நான் கண்டதில்லை. நாடில்லாத பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பெண் இருந்தும் என்ன? நாடு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று நினைத்தேன்.

அகதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனிப் போக வழியில்லை.

ஜூலை 1

வெள்ளைச் சீருடை. கழுத்துப்பட்டி. இரட்டைப் பின்னல். கண்ணாடியைப் பார்க்காமலே போனாள்.

ஜூலை 4

என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் தனுஷியா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

விஞ்ஞான பாடத்தில் காற்றில் அதிகம் இருக்கிற வாயு எது என்று கேட்டிருக்கிறார்கள். நிருஷா எழும்பி "நைட்ரஜன்" என்றாளாம். வகுப்பு சிரித்ததாம். டீச்சர் சிரிக்கவில்லை. "சரிதான் மகள், ஆனா எங்கட புத்தகத்தில நைதரசன்" என்றாராம். அடுத்தது ஆக்சிஜன். அது இங்கே ஒட்சிசன். கார்பன் காபன். வேதியியல் இரசாயனவியல். முக்கோணம்கூட முக்கோணி ஆகிவிடுகிறது.

அதற்குப் பிறகு கை உயர்த்தவே இல்லையாம்.

சிங்களமோ ஆங்கிலமோ என்றால் புரியாத மொழி என்று மனதைத் தேற்றலாம். இது நம்முடைய தமிழ். வீட்டில் நாங்கள் பேசுவது, அவள் பத்து வருடம் படித்தது. அந்தத் தமிழிலேயே பிள்ளை ஊமையாகிப்போனாள்.

ஜூலை 18

கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. அண்ணன் வீட்டில் எல்லோரும் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக்குப் போனார்கள். தனுஷியாவும் ஏறிப் போய்விட்டாள். "ஓம் மாமி, வாறன் மாமி" என்று இப்போதே இந்த ஊர்ப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறாள். நானும் நிருஷாவும் போகவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம்.

வீடு முழுக்கக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினேன்.

ஆகஸ்ட் 12

புதிய சிக்கல். மதிப்பெண் பட்டியலில் "நிருஷா எஸ்". குடியுரிமைப் பத்திரத்தில் "சிவதர்ஷன் நிருஷா". கொழும்புக்குப் போன விண்ணப்பம் இதற்காகவே திரும்பி வந்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் வீண்.

சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி எடுத்தோம். மேற்படி இரு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நிருஷா அதை வாங்கி வாசித்தாள்.

"ரெண்டு பேருமே நான் இல்லம்மா" என்றாள்.

பகிடியாகச் சொன்னாளா? தெரியவில்லை. சிரிப்பதா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 29

எல்லோருக்கும் ஒரு யோசனை இருக்கிறது.

அண்ணன் மட்டக்களப்பு டவுனில் ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கும் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொல்கிறார். போய் விசாரித்தேன். அங்கே லண்டன் பரீட்சைதான். அதை எழுதி இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குள் போவது வேறு கதை என்று அவர்களே சொன்னார்கள். மச்சாள் – அண்ணனின் மனைவி – வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்னகா இப்பிடி அலையிறாய்? பொம்புளப் புள்ளதானே. தாதி உதவியாளர் கோர்ஸ் ஒண்டு இருக்கு, ஆறு மாசம். கையில ஒரு வேல வந்திரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நூறு பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று வந்தது. இவர் போனில், மாணவர் விசா எடுத்துத் திரும்பி அனுப்பு என்கிறார். தான் பிறந்த ஊருக்கு விசா எடுத்துக்கொண்டு போவதா? போய் யாரோடு இருப்பாள்?

நான் என்ன சொல்கிறேன்?  ஒரு நாள் இது சரி, மறுநாள் அது சரி. நடந்துகொண்டே இருக்கிறேன். வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகம், கிராம சேவகர் வீடு. செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது.

நிருஷாவிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "நீயே முடிவு பண்ணும்மா, எப்பவும் போல" என்றாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்



கடையடியில் நிருஷாவின் வகுப்பு டீச்சரைக் கண்டேன். "மகளுக்கு இன்னும் சுகமில்லையா?" என்று கேட்டார்.

என்ன சுகமில்லை?

"ரெண்டு கிழமையாப் பள்ளிக்கு வரல்லயே. காய்ச்சல் எண்டு கடிதம் வந்தது."

இந்த இரண்டு வாரமும் வழக்கம்போலக் காலை ஆறே காலுக்கு வெள்ளை உடுத்துக்கொண்டு போகிறாள். பின்னேரம் வருகிறாள். சாப்பாட்டுப் பெட்டி காலியாக வருகிறது. தனுஷியா பிறகு தனியாகப் போகிறவள், அவளுக்கும் தெரியவில்லை. எங்க போறா இந்தப் புள்ள? யாரோடயும் சேர்ந்திட்டாளா? கடவுளே – யாருமே தெரியாத ஊரில?

வந்தவுடன் கேட்கத்தான் இருந்தேன். வந்தாள், கால் கழுவினாள், தனுஷியாவுக்குப் பின்னல் அவிழ்த்துவிட்டாள். கேட்கவில்லை. பொய் சொல்லிவிடுவாளோ என்று பயம். நாளைக்குப் பின்னாலேயே போய்ப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 18

போனேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேரே துறைக்குப் போனாள். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை இங்கே பாதை என்கிறார்கள். மோட்டார் சைக்கிள், மாடு, மனுசர் எல்லாம் ஒன்றாக ஏறும். அவள் முன்னால் நின்றாள். நான் மீன்பெட்டிகளுக்குப் பின்னால் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றேன். சொந்த மகளைக் கள்ளியைப் போல ஒளிந்து பார்த்துக்கொண்டு. அக்கரையில் குருமண்வெளியில் இறங்கி பஸ் எடுத்தாள். பின்கதவால் நானும் ஏறினேன்.

களுதாவளையில் இறங்கினாள். ஒழுங்கை ஒன்றுக்குள் தகரம் போட்ட நீளமான கொட்டில். வாசலில் முப்பது நாற்பது செருப்பு. உயர்தர வகுப்பு. போன முறை பரீட்சை எழுதிப் போதாமல் திரும்ப எழுதுகிற பிள்ளைகளுக்குக் காலையில் நடக்கிற தனியார் வகுப்பு. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

தென்னை மரத்தோடு சாய்ந்து நின்றேன். உள்ளே டீச்சர் ஏதோ தாக்கத்தைப் பற்றி, அங்கே வேதிவினை என்பது, கேட்டார். மற்றப் பிள்ளைகள் குனிந்து புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு நிருஷாவின் குரல் கேட்டது. "நைதரசன் மேலதிகமா இருக்கு டீச்சர், அதனால சமநிலை வலப்பக்கம் போகும்." சொல் இந்த ஊர்ச் சொல், இழுவை அந்த ஊர் இழுவை. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதினார்கள்.

அழுதேன். என்ன அழுகை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

இடைவேளையில் டீச்சர் வெளியே வந்தார். அஸ்மியா டீச்சர், காத்தான்குடியிலிருந்து வந்து இரசாயனவியல் படிப்பிக்கிறார்.

"நீங்க நிருஷாட உம்மாவா – அம்மாவா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு கிழம ப்ரீயா இருந்து பாக்கலாம் எண்டு நோட்டீஸ் போட்டிருந்தம். அப்பிடித்தான் வந்தா. ஓ.எல். ரிசல்ட் என்ன எண்டு கேட்டன். 'கடிதம் வரும்' எண்டா. எனக்கு அப்பவே விளங்கிற்று. ஆனா நேத்து வெச்ச சோதினையில அவதான் முதலாவது. எழுப்பி அனுப்ப எனக்கு மனம் வரல்ல."

திரும்பும்போது பாதையில் அவளை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆட்கள் பார்த்தார்கள்.

"ஏன் புள்ள பொய் சொன்னாய்? பள்ளியில பேர் வெட்டினா என்ன செய்வாய்? கடிதம் வராட்டி? அதுவுமில்ல இதுவுமில்ல எண்டு நிப்பாயே!"

"பத்துல உக்காந்தா நான் அங்கேயே நின்னுடுவேன்னு பயமா இருக்கும்மா."

"உனக்காகத்தானே வந்தம்!"

"எனக்காக வந்தோம்னு எல்லார்கிட்டயும் சொல்ற. என்னைக் கேட்டியா? வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ கேட்டியாம்மா?"

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் விலகவுமில்லை. பாதை கரையில் இடித்து நின்றது. இறங்கி, முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தோம்.

செப்டம்பர் 19

கேட்கவில்லை. உண்மைதான். கேட்கவே இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் மேசையில் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தார். "கள்ளக் காய்ச்சல் கடிதம் எழுதினது பிழை. ஆனா ஒளிச்சோடிப் போய்க் கூடுதலாப் படிச்ச பிள்ளைய நான் இப்பதான் காணுறன்" என்றார். பெயரை வெட்டமாட்டாராம். பள்ளி நாளில் பள்ளி, சனிக்கிழமை களுதாவளை. அஸ்மியா டீச்சர் சனிக்கிழமை வகுப்புக்கு மாற்றிக்கொடுத்தார்.

நிருஷா ஒத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஒக்டோபர் 10

கொழும்பிலிருந்து கடிதம்!

கையால் திறக்கப் பயந்து கத்தரிக்கோல் எடுத்தேன். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. இந்தியாவில் சான்றிதழ் கொடுத்த இடம் உறுதிப்படுத்தி அனுப்பிய பிரதி வேண்டுமாம். அது கிடைத்த பிறகு பரிசீலிப்பார்களாம்.

இவர் அங்கே விசாரித்தார். மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். "நாளைக்கே அலையத் தொடங்குறன்" என்றார். பெயின்ட் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறாராம். முதல் தடவையாக, சரிவந்ததா என்று கேட்கவில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிருஷா தானாகவே பேசினாள். எல்லோரும் இருந்தோம்.

"மாமா, பள்ளிக்கூடம் இல்லாம வெளியாளா ஓ.எல். எழுதலாமா?"

"தனிப்பட்ட பரீட்சார்த்தியாவா? எழுதலாம் மருமகள். மார்கழிக்கு முன்ன விண்ணப்பம் போடவேணும். பரீட்ச பங்குனியில. ஏன்?"

"ரெண்டு வருசம் உக்காராம இந்தப் பங்குனியிலேயே எழுதிட்டா?"

 ஒன்பது பாடம். அதில் வரலாறு, அவள் பெயரே கேள்விப்படாத ராசாக்கள். இருப்பது ஐந்து மாதம். தவறினால்? பெறுபேற்றுத் தாளில் காலத்துக்கும் இருக்குமே. கடிதத்துக்குக் காத்திருக்கலாமே என்றேன்.

"கடிதத்த நான் எழுத முடியாதும்மா. பரீட்சைய எழுதலாம்."

வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்ல ஏழெட்டுக் காரணம் வரிசையாக வந்தது. பிறகு, "சரி, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

"பயமா இருக்கு. ஆனா எழுதணும்" என்றாள்.

ஒக்டோபர் 27

வீடு முழுக்கத் தாளில் எழுதி ஒட்டின ராசாக்கள். சமையலறைக் கதவில் அனுராதபுரம், கிணற்றடித் தூணில் பொலன்னறுவை. தனுஷியா பார்த்துப் பார்த்து அக்காவைவிட முன்னுக்கே ஒப்புவிக்கிறாள். அண்ணன் வட்டைக்குள், இங்கே வயல்வெளிக்கு அதுதான் பெயர், விதைத்து முடித்துவிட்டார். சேற்றுக் காலோடு வந்து, "துட்டகைமுனுக்குப் புறகு ஆரு மருமகள்?" என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போகிறார். விடை அவருக்குத் தெரியாது.

நவம்பர் 14

விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும். அடையாள அட்டைக்கு கிராம சேவகரின் உறுதி வேண்டும். அவருக்குக் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி வேண்டும். மீண்டும் நடை. இப்போது அவளும் கூட வருகிறாள். வரிசையில் நின்றுகொண்டே சமய பாடமான சைவநெறியை மனப்பாடம் பண்ணுகிறாள்.

நவம்பர் 25

இலக்கம் கிடைத்துவிட்டது. முப்பதாம் திகதி கடைசி. நாளைக்குக் களுவாஞ்சிகுடிக்குப் போய்க் கணினியில் போட்டுவிடலாம்.

மழை.

நவம்பர் 27

நேற்றும் இன்றும் விடவே இல்லை. புயல் என்கிறார்கள். பாதை நின்றுவிட்டது. கரன்ட் இல்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர்.

அண்ணன் வட்டைப் பக்கம் போய்விட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். வயல் எது வாவி எது என்று தெரியவில்லையாம். விதைத்து ஒரு மாதப் பயிர். மச்சாள் தேத்தண்ணி வைத்தார். ஆறியது.

இந்த நேரத்தில் நான் விண்ணப்பத்தைப் பற்றி நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

நவம்பர் 29

மழை விட்டிருக்கிறது, தண்ணீர் வடியவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நிருஷா புத்தகத்தைத் திறந்து வைத்தபடி. பக்கம் திருப்பவில்லை. களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி ஒருவரும் அண்ணனிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

நவம்பர் 30, சனி

விடிய அண்ணன் உழவு மெசினை இயக்கும் சத்தம். வெளியே போய்ப் பார்த்தால் பின்னால் பூட்டிய பெட்டியில் இரண்டு கதிரை போட்டிருக்கிறார்.

"தங்கச்சி, மருமகளக் கூட்டிட்டு ஏறு. பட்டிருப்புப் பாலம் வரைக்கும் கொண்டு போறன்."

"அண்ணன், உங்கட வயல் –"

"வயலுக்கு இண்டைக்கு நான் போய்ச் செய்ய ஒண்டும் இல்ல. அது அடுத்த போகம் பாப்பம். இவட சோதினைக்கு இண்டைக்குத்தானே கடசி?"

வெல்லாவெளி வீதியில் இரண்டு இடத்தில் சில்லு முக்கால்வாசி தண்ணீருக்குள். ஒரு இடத்தில் மெசின் நின்றே விட்டது. அண்ணன் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏதோ செய்து திரும்ப இயக்கினார். நிருஷா பைலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போனோம். களுவாஞ்சிகுடியில் ஒரே ஒரு கடை ஜெனரேட்டரோடு திறந்திருந்தது. எங்களைப் போல ஏழெட்டுப் பிள்ளைகள் நனைந்துபோய் வரிசையில். எங்கள் முறை வந்தபோது பதினொன்றரை. கடைப் பெண் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். "நான் பண்றேன் அக்கா" என்று நிருஷா கதிரையை வாங்கிக்கொண்டாள்.

முழுப் பெயர். பிறந்த திகதி. மொழிமூலம்: தமிழ். ஒன்பது பாடத்தையும் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்தாள். வரலாறு வந்தபோது ஒரு மூச்சு விட்டுவிட்டு அழுத்தினாள். இரண்டு தரம் தொடர்பு அறுந்தது. மூன்றாவது தரம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பிரதி அச்சாகி வந்தது, சூடாக. என் கைப்பையில் இருந்து பேனையை எடுத்தேன். பெற்றோர் கையொப்பம் எங்கே என்று தேடினேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு இடமே இல்லை. அடியில் ஒரே ஒரு கோடு: விண்ணப்பதாரியின் கையொப்பம்.

பேனையை அவளிடம் கொடுத்தேன்.